அருவிக்கு "எளிதான நடை"ன்னு போர்டு வைக்கிறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

அருவிப் பாதைகளை பராமரிக்கிறவங்க, அங்க போர்டு எழுதி வைக்கிறவங்க, எந்த நாள் திறக்கணும் எந்த நாள் மூடணும்னு முடிவு பண்றவங்க எல்லாருக்கும் வணக்கம்.

நீங்க வனத்துறையா இருக்கலாம், பூங்கா நிர்வாகமா இருக்கலாம், உள்ளாட்சியா இருக்கலாம், இல்ல லீவு நாள்ல வந்து பாதையில விழுந்த மரத்தை அறுத்துப் போடற தன்னார்வக் குழுவா கூட இருக்கலாம். எந்த நாடா இருந்தாலும் சரி, ஆத்தோரமா கொஞ்ச தூரம் நடந்தா அருவி வந்துடும்ங்கற மாதிரி ஒரு பாதை உங்க பொறுப்புல இருந்தா இந்த மடல் உங்களுக்குத்தான்.

நேரா விஷயத்துக்கு வர்றேன். வண்டி நிறுத்தற இடத்துல போர்டு இருக்கும், "அருவி 1 கி.மீ., எளிதான நடை"ன்னு. அது பாதையைப் பத்தி சொல்றது, அதுல பொய் எதுவும் இல்ல, பாதை உண்மையிலயே எளிதாத்தான் இருக்கும். ஆனா படிக்கிறவங்க அதை அருவிக்கும் சேத்தே எடுத்துக்கறாங்க. பாதை ஈஸின்னா போய் சேர்ற இடமும் ஈஸியாத்தான் இருக்கும்னு மனசு தானா முடிவு கட்டிடுது. பாதைக்கு நீங்க குடுத்த சர்டிஃபிகேட் தண்ணிக்கு செல்லாது. நான் கேக்கறது இவ்வளவுதான், பாதையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுங்க, தண்ணியைப் பத்தி தனியா ஒரு வார்த்தை சொல்லுங்க, பராமரிக்கும்போதும் ரெண்டையும் தனித்தனியா பாருங்க.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, பெரிய மலை ஏறப் போறவங்க முன்னாடியே தயாராகி வர்றாங்க, நல்ல ஷூ, வானிலை பாத்து வச்சிருப்பாங்க, கூட விவரம் தெரிஞ்ச ஆள் இருப்பாங்க. சின்ன நடைக்கு வர்றவங்க யாரு? கைக்குழந்தையை இடுப்புல தூக்கிட்டு வர்ற அம்மா அப்பா, மூட்டு வலியோட வர்ற தாத்தா பாட்டி, ஆபரேஷன் முடிஞ்சு கொஞ்சம் கொஞ்சமா நடக்க ஆரம்பிச்சவங்க, ரப்பர் செருப்போட வர்ற ஸ்கூல் பசங்க. இவங்களுக்கு வேற எந்த காட்டுப் பாதையும் கிடையாது, இது ஒண்ணுதான். அதனாலதான் இந்தப் பாதைங்க எனக்கு ரொம்ப முக்கியமா படுது. ஆனா அதே காரணத்தாலதான் பயமாவும் இருக்கு. ஒரு ஆறு அதோட மொத்த நீளத்துலயும் எங்க ரொம்ப வேகமா, ரொம்ப முரட்டுத்தனமா இருக்கோ, கரெக்டா அந்த இடத்துக்கு, எந்த தயாரிப்பும் இல்லாதவங்களை கையைப் புடிச்சு கூட்டிட்டுப் போய் விடற பாதை இது.

அதுக்காக பாதையை மூடுங்கன்னு நான் கேக்கல, அதை முதல்லயே தெளிவா சொல்லிடறேன். எங்கயாவது ஒரு விபத்து நடந்தா உடனே ஒரு சங்கிலியை கட்டி "அனுமதி இல்லை"ன்னு தொங்க விட்டுடறது ரொம்ப சுலபம். அப்புறம் ரெண்டு வருஷம் ஆனாலும் அந்த சங்கிலி அப்படியே கிடக்கும், தண்ணி கணுக்கால் அளவு கூட இல்லாத நாள்லயும் கிடக்கும், ஆத்துல வெள்ளம் சீறிட்டு வர்ற நாள்லயும் அதே சங்கிலிதான். ஜனங்க என்ன பண்ணுவாங்க, தாண்டிப் போவாங்க. முதல் தடவை தாண்டும்போது ஒண்ணும் ஆகாது, ரெண்டாவது தடவையும் ஒண்ணும் ஆகாது, அப்புறம் உங்க எந்த எச்சரிக்கைக்கும் மதிப்பே இருக்காது. உண்மையிலயே ஆபத்தான நாள்ல மட்டும் மூடி, ஏன் மூடினோம்னு ஒரு வரி எழுதி, சரியான உடனே திறந்து விட்டீங்கன்னா அந்த சங்கிலியை மதிப்பாங்க.

இப்ப பாதைக்கு வர்றேன், ஏன்னா பாதை விஷயத்துலயும் போர்டு முழுசா சொல்றதில்ல. மலை ஏறும்போது முதல்ல ஏத்தம், திரும்பும்போது இறக்கம், களைச்சா பாதியில திரும்பிடலாம், வழி சுலபமாயிடும். அருவிக்குப் போற பாதை பல இடத்துல நேர் எதிர், ரோடு மேல இருக்கும், ஆறு பள்ளத்துல இருக்கும், அதனால போகும்போது இறக்கம், பேசிக்கிட்டே சிரிச்சிக்கிட்டே இறங்கிடுவாங்க, ஏத்தம் முழுக்க திரும்பும்போது, நனைஞ்ச துணியோட, தூக்கம் வந்த குழந்தையோட, இருட்டுறதுக்குள்ள போகணும்ங்கற அவசரத்தோட. 1892ல ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் ஒரு கணக்கு சொன்னார், இன்னைக்கும் நடை நேரம் போட அதை எடுத்துக்கறாங்க. அவர் மைல்லயும் அடியிலயும் சொன்னதை மாத்திப் பாத்தா, சமதரையில மணிக்கு 5 கி.மீ., அதுக்கு மேல ஏறுற ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் ஒரு மணி நேரம் கூட்டிக்கணும். அப்ப 1 கி.மீ. பாதைக்கு 12 நிமிஷம், அதுல 100 மீட்டர் ஏத்தம் இருந்தா இன்னும் 10 நிமிஷம். கிட்டத்தட்ட இரட்டிப்பு ஆயிடுது, அதுவும் நல்லா நடக்கற, எங்கயும் நிக்காத ஆளுக்கு. முட்டி தேஞ்சு போன எழுபது வயசு அம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் ஒத்தே வராது. அதனால தூரத்தை மட்டும் எழுதாதீங்க, அது ஒரு வழி தூரமா போய் வர்ற தூரமான்னு எழுதுங்க, எவ்வளவு உயரம் ஏறணும், எத்தனை படி, ஏத்தம் போகும்போதா திரும்பும்போதா, உக்கார எங்கெங்க இடம் இருக்குன்னு எழுதுங்க. தரையை பத்தியும் சொல்லுங்க, மண்ணா, மர வேரா, கல் படியா, சக்கர நாற்காலி எது வரைக்கும் போகும்னு. இதைப் படிச்சிட்டு நம்மால முடியும் முடியாதுன்னு அவங்களே முடிவு பண்ணிப்பாங்க, "எளிது"ங்கற ஒரே வார்த்தையை வச்சு யாராலயும் முடிவு பண்ண முடியாது.

பெஞ்ச் விஷயத்தை நான் சும்மா சொல்லல. ஏத்தத்துல ஒரு வயசானவங்க நின்னுட்டாங்கன்னா பின்னாடி வர்றவங்களுக்கு வழி இல்லாம போகுது, இவங்க கூச்சப்பட்டு மூச்சு வாங்க வாங்க மறுபடி நடக்கறாங்க, நெஞ்சைப் புடிச்சிக்கிட்டு. வளைவுல ரெண்டு பேர் உக்கார்ற மாதிரி ஒரு மரக்கட்டை போட்டா போதும், பெரிய செலவு இல்ல.

சரி, இப்ப தண்ணிக்கு வருவோம், என் கவலை முழுக்க அங்கதான். அருவிக்கு பக்கத்துல இருக்கற பாறையை குனிஞ்சு பாத்திருக்கீங்களா? பச்சையா பாசி இருக்கற பாறையை யாரும் மிதிக்க மாட்டாங்க, அது கண்ணுக்கே தெரியுது. ஆள விழ வைக்கிறது கருப்பா, பளபளன்னு, சுத்தமா கழுவி விட்ட மாதிரி இருக்கற பாறை. விரலால தேச்சுப் பாத்தா தெரியும், கண்ணுக்குத் தெரியாத ஒரு கொழகொழப்பு, நுண்ணுயிரும் பாசியும் சேர்ந்து படிஞ்ச மெல்லிசான ஏடு. சாரல் படற இடம் வரைக்கும் அது இருக்கும், அதாவது தண்ணியில இருந்து நல்லா தள்ளி, காஞ்ச இடம்னு நினைச்சு குழந்தையை நிக்க வைக்கிற இடத்துல கூட. ஒரு பையனை பாத்தேன், நாலஞ்சு வயசு இருக்கும், அப்பா போனை தூக்கிப் புடிச்சு ஃப்ரேம் பாத்துக்கிட்டே "இன்னும் ஒரு அடி பின்னாடி போ"ங்கறார், அவன் பின்னாடி கால் வைக்கிறான், வச்ச கால் நிக்கவே இல்ல, உக்காந்த மாதிரியே சறுக்கிட்டுப் போறான். பக்கத்துல இருந்த ஒருத்தர் சட்டை காலரை எட்டிப் புடிச்சதால சிராய்ப்போட முடிஞ்சது. அந்த இடத்துல ஒரு எச்சரிக்கையும் கிடையாது. எச்சரிக்கை எல்லாம் 1 கி.மீ. முன்னாடி பார்க்கிங்ல, இருபது விதியோட சேத்து, பொடி எழுத்துல இருந்துச்சு.

அதனால எழுத்தை கொண்டு வந்து ஆபத்து இருக்கற இடத்துலயே வைங்க. படமா வைங்க, வழுக்கி விழற ஆள் படம் எந்த மொழிக்காரங்களுக்கும் புரியும், தண்ணி பாதுகாப்புக்குன்னே சர்வதேச தரத்துல படங்கள் இருக்கு, நீங்க புதுசா எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம்.

அடுத்தது மடு. ஆழம் தெரியாம காலை விடாதேன்னு சின்ன வயசுல இருந்தே கேட்டவங்கதான் எல்லாரும், ஆனா இங்க ஆழம் தெரியற மாதிரியே இருக்கறதுதான் பிரச்சினை. தெளிஞ்ச தண்ணியில ஒளி வளையறதால, மேல இருந்து நேரா பாத்தா 4 மீட்டர் ஆழம் 3 மீட்டர் மாதிரி தெரியும். இடுப்பளவுதான்னு நினைச்சு இறங்கினவங்களுக்கு நெஞ்சு வரைக்கும் வந்துடும். குதிக்கிறவங்களுக்கு வேற ஒரு சிக்கல், போன வருஷம் ஆழமா இருந்த இடத்துல நடுவுல வந்த வெள்ளம் ஒரு பாறையை உருட்டிக் கொண்டு வந்து போட்டிருக்கும், மேல இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. அருவி விழற இடத்துல தண்ணி வெள்ளையா நுரைச்சுக்கிட்டு இருக்கே, அதுல பாதிக்குப் பாதி காத்துக் குமிழா கூட இருக்கும், காத்து கலந்த தண்ணி அடர்த்தி குறைவு, நல்லா நீச்சல் தெரிஞ்சவங்களைக் கூட அது சரியா மிதக்க விடாது. அதோட, மேல இருந்து விழற தண்ணி அடிக்குப் போய் சுழன்று மேல வந்து மறுபடி அருவிப் பக்கமே திரும்புது, உள்ள மாட்டினவங்களை சுத்தி சுத்தி அங்கயே வச்சுக்கும். தண்ணி ரொம்ப சில்லுன்னு இருந்தா முதல் ஓரிரு நிமிஷம் உடம்பு தானா திணறி மூச்சை இழுக்கும், அந்த நேரம் தலை தண்ணிக்குள்ள இருந்தா அவ்வளவுதான். இதெல்லாம் நீச்சல் குளத்துல கத்துக்கிட்டவங்களுக்கு தெரியாது, தெரிய வாய்ப்பும் இல்ல, யாராவது சொன்னாத்தான் உண்டு.

அருவிக்கு நேர் கீழ நிக்கிறதை பத்தியும் ஒரு வார்த்தை. நிறைய அருவி எப்படி உருவாகுதுன்னா மேல கெட்டிப் பாறை, கீழ மென்மையான பாறை, கீழ இருக்கறதை தண்ணி அரிச்சு அரிச்சு குடையுது, ஒரு நாள் மேல இருக்கற பாறை தாங்க முடியாம உடைஞ்சு விழுது, அருவி கொஞ்சம் பின்னாடி நகருது. நயாகரா இப்படித்தான் சுமார் 12,000 வருஷத்துல 11 கி.மீ. அளவுக்கு பின்வாங்கியிருக்கு. அப்ப அருவிக்கு கீழ கிடக்கற ஒவ்வொரு பெரிய கல்லும் ஒரு காலத்துல மேல இருந்து விழுந்ததா இருக்கலாம். தண்ணியோட சின்ன கல்லும் மரக்கட்டையும் கூட வரும், 20 மீட்டர் உயரத்துல இருந்து விழற கல் கீழ வரும்போது மணிக்கு 70 கி.மீ. வேகத்துல வரும். தலைக்கு மேல என்ன வருதுன்னு நிமிர்ந்து பாக்க முடியாத ஒரே இடம் அதுதான், கண்ணுல தண்ணி அடிச்சுக்கிட்டே இருக்கும்.

எல்லாத்தையும் விட நீங்க கவனிக்க வேண்டியது மேல பெய்யுற மழை. அருவிகிட்ட வெயில் அடிச்சிட்டு இருக்கும், வானம் நீலமா இருக்கும், பத்து இருபது கி.மீ. தள்ளி மலை மேல கொட்டின மழை கொஞ்ச நேரம் கழிச்சு இங்க வந்து சேரும். அணை இருக்கற ஆறுன்னா மழையே வேண்டாம், மதகு திறந்தா போதும். 2014 ஜூன் 8ம் தேதி இமாச்சலப் பிரதேசத்துல பியாஸ் ஆத்துக்குள்ள பாறைங்க மேல நின்னுக்கிட்டு இருந்த கல்லூரி மாணவர்கள் 24 பேரை மேல அணையில இருந்து திறந்து விட்ட தண்ணி அடிச்சுக்கிட்டுப் போச்சு. அவங்க யாரும் நீந்தறதுக்காக இறங்கினவங்க இல்ல, நல்லா நிக்கிற பாறை மேல நின்னவங்கதான். வேகமா வர்ற வெள்ளம் 15 செ.மீ. உயரம் இருந்தாலே வளர்ந்த ஆளை சாய்ச்சிடும்னு அமெரிக்க தேசிய வானிலை சேவை சொல்லுது, பாதம் முழுகி கணுக்கால் தாண்டற அளவு, அவ்வளவுதான். வேகம் ரெண்டு மடங்கானா தண்ணி தள்ற விசை நாலு மடங்காகும், அதனால "போன தடவை இதே இடத்துல நின்னோமே"ங்கறது எந்த உத்தரவாதமும் இல்ல.

வெள்ளம் வர்றதுக்கு முன்னாடி ஆறு சொல்லத்தான் செய்யுது. தெளிஞ்சிருந்த தண்ணி லேசா கலங்கும், செத்தையும் சருகும் குச்சியும் கூட்டமா மிதந்து வரும், சத்தம் கனமாகும், கொஞ்ச நேரம் முன்னாடி வெளிய தெரிஞ்ச ஒரு கல் இப்ப காணோம்னு இருக்கும். சில சமயம் நேர்மாறா தண்ணி திடீர்னு குறையும், மேல எங்கயோ அடைச்சிருக்குன்னு அர்த்தம், அதுவும் ஓட வேண்டிய நேரம்தான். ஆத்துக்குப் பக்கத்துல வளர்ந்தவங்களுக்கு இது எல்லாம் தெரியும், அவங்களுக்கு போர்டே வேண்டாம். ஊர்ல இருந்து வண்டி எடுத்துட்டு வர்றவங்களுக்குத்தான் தெரியாது. இந்த அஞ்சு அடையாளத்தை, வெறும் அஞ்சே அஞ்சை, அருவிகிட்ட பெரிய எழுத்துல எழுதி "இதுல எது பாத்தாலும் சாமானை விட்டுட்டு உடனே மேட்டுக்கு ஏறுங்க, ஆத்தைக் கடந்து அக்கரைக்குப் போகாதீங்க"ன்னு போடுங்க, எந்த மேடுன்னு அம்புக்குறி போட்டு காட்டுங்க. பக்கத்துலயே ஒரு பாறையில இல்லைன்னா ஒரு கம்பத்துல சிவப்பு கோடு போடுங்க, தண்ணி இந்தக் கோட்டைத் தொட்டா யாரும் இறங்கக் கூடாதுன்னு. கோடு போடறதுக்கு பெயின்ட் டப்பா ஒண்ணு போதும். அணை இருந்தா மதகு திறக்கறவங்களும் நீங்களும் பேசிக்கிட்டே ஆகணும், சைரன் அருவி சத்தத்தை மீறி கேக்குதான்னு அருவிக்குப் பக்கத்துல நின்னு பாத்துட்டு சொல்லுங்க, ஆபீஸ் வாசல்ல நின்னு இல்ல.

சத்தம்னதும் ஞாபகம் வருது, தண்ணியில மூழ்கறவங்க கையை ஆட்டி காப்பாத்துங்கன்னு கத்துவாங்கன்னு நாம நினைச்சுக்கிட்டு இருக்கோம். பெரும்பாலும் அப்படி நடக்கறதில்ல, மூச்சு விடவே நேரம் இல்லாதப்ப கத்த எங்க நேரம். அப்படியே கத்தினாலும் அருவி இரைச்சல்ல கேக்காது. பாத்துட்ட ஒருத்தர் உடனே குதிப்பார், அவரைக் காப்பாத்த இன்னொருத்தர் குதிப்பார், ஒரு குடும்பத்துல ரெண்டு மூணு பேர் ஒண்ணா போறது இப்படித்தான். அங்க ஒரு கம்பத்துல மிதக்கிற கயிறு 20 மீட்டர், ஒரு மிதவை வளையம், "குதிக்காதீங்க, இதை வீசுங்க"ன்னு ஒரு வரி இருந்தா கரையில நிக்கிறவங்களுக்கு செய்யறதுக்கு ஒரு வேலை இருக்கும். பள்ளத்துல போன் சிக்னல் கிடைக்காது, அதனால சிக்னல் எங்க வரும்ங்கறதையும் எழுதுங்க, பாதை நெடுக கம்பத்துக்கு நம்பர் போடுங்க, "ஏழாம் நம்பர் கம்பம்"னு சொன்னா ஆம்புலன்ஸ்காரங்களுக்கு புரியணும். கயிறை யாராவது எடுத்துட்டுப் போயிடுவாங்கன்னு சொல்வீங்க, போவாங்கதான், மறுபடி கட்டுங்க.

இன்னொரு விஷயம், இதை யாரும் பெருசா யோசிக்கறதில்லன்னு எனக்கு வருத்தம். கம்பித் தடுப்பை தாண்டிப் போறவங்களை எல்லாம் ஒழுங்கு இல்லாதவங்கன்னு திட்டறோம். தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்தா அருவி தெரியுதான்னு பாருங்க. பல இடத்துல ஒரு கிளை மறைக்கும், பாதி அருவிதான் தெரியும், அம்மாம் தூரம் நடந்து வந்தவங்க பாதியைப் பாத்துட்டு திரும்புவாங்களா? தடுப்பை எங்க வசதியோ அங்க போடாம எங்க நின்னா அருவி முழுசா தெரியுமோ அங்க பாதுகாப்பா ஒரு மேடை கட்டுங்க, வழுக்காத தரை போடுங்க, சின்னப் பசங்க எட்டிப் பாக்கற உயரத்துல கம்பிக்கு நடுவுல இடைவெளி கம்மியா வைங்க. சூரியன் முதுகுப் பக்கம் இருந்து சாரல் முன்னாடி இருந்தா வானவில் தெரியும், நம்ம தலை நிழலைச் சுத்தி 42 டிகிரி கோணத்துல, அதனால எந்த நேரத்துல எந்த இடத்துல நின்னா தெரியும்னு உங்களால முன்கூட்டியே சொல்ல முடியும். "காலையில இந்த மேடையில் இருந்து வானவில் தெரியும்"னு ஒரு போர்டு இருந்தா ஜனங்க அங்கதான் நிப்பாங்க, பாறை மேல ஏற மாட்டாங்க. சாரலை நம்பியே வாழற பாசியும் சின்னச் சின்ன பெரணியும் மிதிபடாம தப்பிக்கும்.

சேத்துல கால் படக்கூடாதுன்னு ஓரமா நடந்து நடந்து பாதை அகலமாகி, செடி எல்லாம் செத்து, மழையில மண்ணு கரைஞ்சு ஆத்துக்கே போறதும் உங்களுக்குத் தெரிஞ்சதுதான். தண்ணி குறுக்கால வடிய வாய்க்கால் வெட்டி நாலு கல் பதிச்சா அதுவும் நிக்கும், அதிகமா சொல்ல வேண்டியதில்ல.

கடைசியா ஒண்ணு கேக்கறேன். அடுத்த மழைக்காலம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, அந்தப் பாதையை தினமும் நடக்கற உங்க ஆளை அனுப்பாம, அங்க இதுவரை போகாத ஒருத்தரை, ஒரு வயசானவரையும் ஒரு குழந்தையையும் கூட கூட்டிக்கிட்டு, நீங்க ஒரு நோட்டோட பின்னாடியே நடங்க. எங்க நின்னாங்க, எங்க தயங்கினாங்க, எந்த போர்டை படிக்காம தாண்டினாங்க, தண்ணியைப் பாத்த உடனே முதல்ல எங்க கால் வச்சாங்கன்னு எழுதிக்கோங்க. முதல் போர்டும் முதல் கயிறும் எங்க வைக்கணும்னு அந்த நோட்டுல இருக்கும். என்னால ஆன வேலையை நானும் வந்து செய்யறேன், மண்வெட்டியா இருந்தாலும் சரி, பெயின்ட் பிரஷ்ஷா இருந்தாலும் சரி, சொல்லி அனுப்புங்க.

இப்படிக்கு,
அருவிப் பாதைகள்ல குடும்பத்தோட நடக்கிற ஒருத்தி